வலது தோளில் முந்தானை

பணி ஓய்வு பெற்ற மறு ஆண்டு, நாற்பது ஆண்டுகளுக்கு முன் கைவிட்ட உருவப்பட ஓவியத்தை மீண்டும் தொடங்கப் போவதாக, ஹைதராபாத் ஹப்சிகுடாவில் எங்கள் அடுக்ககத் தமிழர்கள் கூடிய ஒரு மாலையில் அறிவித்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கல்லூரியில் நான் பெற்ற முதற்பரிசை நினைவூட்டி, புகைப்படத்தைப் பார்த்து வரைவது ஓவியமே அன்று, வெறும் நகலெடுப்பு என்றும் முழங்கினேன். பொங்கல் விழாவில் என் மனைவியின் படத்தைக் காட்சிக்கு வைப்பதாக வாக்கும் கொடுத்தேன்.

மூன்று பிற்பகல்கள் அவள் அசையாமல் அமர்ந்தாள். முதல் நாள் வரைந்தது அவளுடைய தம்பியைப் போலிருந்தது. இரண்டாம் நாள் அந்தத் தம்பிக்கு வயதாகியிருந்தது. மூன்றாம் நாள், “என்னங்க, உலை வைக்கணும், எழுந்திருக்கட்டுமா?” என்றாள்.

“ஓவியனை அவசரப்படுத்தாதே” என்றேன். ஓவியன் அப்போது ரப்பரால் தாளில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான்.

மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றும் மகன் வாங்கித் தந்த டிஜிட்டல் கேமரா பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடந்தது. விழாவுக்கு நான்கே நாட்கள். கேமராவைச் சோதித்துப் பார்ப்பதாகச் சொல்லி, பால்கனியில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவளை ஒரே ஒரு படம் எடுத்தேன். என்னை எவரும் அறியாத குகட்பள்ளிவரை பேருந்தில் சென்று, அதைப் பெரிதாக அச்சிட்டு வந்தேன். அறையைத் தாழிட்டு, அதன்மேல் பட்டர் பேப்பரை விரித்து, மென்மையான பென்சிலால் கோடுகளைப் பிரதி எடுத்தேன். அந்தத் தாளை ஓவியத்தாளின்மேல் கவிழ்த்து, கரண்டி முதுகால் தேய்த்தேன். கோடுகள் இறங்கின. ஐயமின்றி அவள் முகம். சான்று எதுவும் எஞ்சலாகாதென்று புகைப்படத்தைக் கிழித்தெறிந்துவிட்டு, நிழல் தீட்டி முடித்தேன். விழாவரை எவரும் பார்க்கலாகாது என்று வேட்டியால் மூடியும் வைத்தேன்.

விழாவில் நானே வேட்டியை விலக்கினேன். கைதட்டல் எழுந்தது, பாதியில் தேய்ந்தது. மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில், அல்வால் பகுதியில் வாழும் தமிழ் அம்மையார் ஒருவர் அருகில் வந்து பார்த்தார். அவர் தமிழில் அந்த ஊர் உருது கலந்துவரும்; ‘ஏன்’ என்பதற்குக் ‘கைக்கு’ என்பார், ‘அப்படியா’ என்பதற்கு ‘ஹவ்’ என்பார்.

“அங்கிள், ஆன்ட்டி சேலை கைக்கு இப்படி? சேட்டு வீட்டம்மா மாதிரி முந்தானையை வலது தோள்ல போட்டிருக்காங்களே?”

“மூக்குத்தியும் இடப்பக்கம் போயிடுச்சு” என்றார் எங்கள் எதிர்வீட்டுப் பொறியாளர். “போட்டோவை டிரேஸ் எடுத்துக் கவுத்துப் போட்டா இப்படித்தான் சார் திரும்பும். எங்க டிராயிங் ஆபீஸ்ல எத்தனை பார்த்திருக்கேன்.”

முதற்பரிசு பெற்ற நான், விலக்கிய வேட்டியை மடிக்கத் தொடங்கினேன். மனைவி படத்தைச் சற்று நேரம் பார்த்தாள்.

“எதிர்ல உட்கார்ந்தா எனக்குச் சிரிப்பு வந்துடுதுங்க” என்றாள் பொறியாளரிடம். “அதனால நிலைக்கண்ணாடி முன்னால உட்கார்ந்துட்டேன். இவர் பின்னால நின்னு, கண்ணாடியில தெரிஞ்சதை அப்படியே வரைஞ்சார்.”

“ஹவ்? அது ரொம்பக் கஷ்டமாச்சே” என்றார் அல்வால் அம்மையார்.

“ஓரளவு கடினம்தான்” என்றேன், தலையை அடக்கமாகத் தாழ்த்தி. அந்த அடக்கத்தை நினைக்கும்போதெல்லாம் இன்றும் காது சுடுகிறது. அம்மையார் விடவில்லை. அதே முறையில் தம்மையும் வரைய வேண்டும் என்றார். அடுத்த ஞாயிறு என்று நாளையும் அவரே குறித்தார்.

படியேறும்போது மனைவி கேட்டாள்: “எல்லாம் சரிங்க. பட்டாணியை மட்டும் ஏன் விட்டுட்டீங்க?”

மறுநாள் காலை முதல், வேறு வழியின்றி, அவளை மெய்யாகவே நிலைக்கண்ணாடிமுன் அமர்த்திப் பழகத் தொடங்கினேன். அவள் முகம் அன்றும் தம்பியின் முகமாகவே வந்தது. கண்ணாடியில் அவளுக்குப் பின்னே, விறைத்த முகத்தோடு ஒரு கிழவரும் தெரிந்தார். அவரையும் சேர்த்து வரையச் சொன்னாள். அவர் மட்டும் முதல் முயற்சியிலேயே அச்சாக அமைந்துவிட்டார்.