கழற்றித் தந்த மணி

வாசலில் சைக்கிள் மணி அடித்தது. எடை குறைய சைக்கிள் ஓடுங்கள் என்று டொக்டர் சொன்னதும், அம்மாவுக்கு நான் ஆசையாக வாங்கிவந்த சைக்கிள். அந்தச் சத்தம் என்னை ஐந்து வயதுக்கு இழுத்துப்போனது.

அப்போது அம்மா வாவிக்காற்றில் சேலைத் தலைப்புப் பறக்க, கல்லடிப் பாலத்தால் சைக்கிளில் வேலைக்குப் போவார். ஒருநாள் அப்பா வேலை முடிந்து கறுத்த முகத்தோடு வந்தார்.

"பாலத்தில நீ என்னை முந்திப் போனதச் சொல்லிக் கந்தோரில சிரிக்கிறாங்க."

அன்றே சைக்கிளை யாருக்கோ கொடுத்துவிட்டார். நான் அழாமலிருக்க மணியை மட்டும் கழற்றித் தந்தார். அதை அடித்தபடி, அடுப்படியில் நின்ற அம்மாவைச் சுற்றிச் சுற்றி ஓடினேன்.

இப்போது வாசலில் அம்மா தடுமாறிக் காலை ஊன்றினார். அப்பா சிரித்தபடி அவரைக் கேட்டார்.

"என்னப்பா, சைக்கிள் ஓடுறதையும் ஆராவது மறப்பாங்களா?"

"மறக்கச் சொன்னதே நீங்கதானே," என்றார் அம்மா.