சேலத்தில் நிற்காத விமானம்

என் அப்பா பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த வண்டி எந்த ஊரில் எத்தனை நிமிஷம் நிற்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் எங்களைக் கவிழ்த்தது.

எனக்கு ஒன்பது வயது. கோயமுத்தூரில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. அவள் கணவருக்குக் கல்கத்தாவுக்கு மாற்றல். கம்பெனி செலவில் மெட்ராஸ் வரை விமானம், அன்றே அங்கிருந்து ரயில். ஊருக்கு வந்து போக நேரமில்லை. ஆனால் விமானம் நம் மலைக்கு மேலேதான் போகுமாம், ஜன்னல் வழியாகப் பார்ப்பேன் என்று எழுதியிருந்தாள். அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தன் சிவப்புக் கூறைப் புடவையை மாடியில் விரித்து வைப்பதாகப் பதில் எழுதச் சொன்னாள்.

அப்பா என் பள்ளிக்கூட அட்லஸில் நூல் பிடித்து அளந்தார். நேர்கோட்டில் நானூற்று முப்பது கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிஷப் பயணம். மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் எங்கள் ஊர். கடிதத்தில் இருந்தபடி காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் ஒன்பதே முக்காலுக்கு மலை உச்சி. அதோடு விட்டிருக்கலாம்.

“சேலத்துல பதினஞ்சு நிமிஷம் நிக்கும். பத்து மணின்னு வெச்சிக்க.”

“வானத்துல ஏதுங்க சேலம்?” என்றாள் அம்மா.

“டீ குடிக்காம எந்த டிரைவரும் தாண்ட மாட்டான். எனக்குத் தெரியாதா?”

அன்று பொறுக்க மாட்டாமல் நான் முன்னதாகவே மாடிக்குப் போய்விட்டேன். ஒன்பதே முக்காலுக்கு மலைக்குப் பின்னாலிருந்து வெள்ளையாக வந்தது விமானம். கத்தினேன், இரண்டு கையையும் ஆட்டினேன். அம்மா ஈரத்தலையோடு புடவையை அணைத்துக்கொண்டு ஓடி வந்தபோது சத்தம்தான் மிச்சமிருந்தது.

“இதுவாங்க?”

அவள் பின்னாலேயே ஏறி வந்த அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இது வேற வண்டி. நம்மளுது இனிமேதான்,” என்றார். கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளிக்கொண்டார்.

புடவையை விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்து, உச்சி வெயில் வரை நின்றோம். வானத்தில் ஒரு பருந்துகூட வரவில்லை. புடவையை மடிக்கும்போது அம்மா அழுதாள்.

பத்து நாள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து கடிதம். அம்மாவின் சிவப்புப் புடவை பளிச்சென்று தெரிந்ததாம், பக்கத்தில் அப்பா கையாட்டியதைப் பார்த்தாளாம். படித்துக்கொண்டு வந்த அப்பா அந்த வரியில் நின்றார். பிறகு அதையே இன்னொரு முறை, சத்தமாகப் படித்தார். “பாத்தியா, நம்மள பாத்துட்டுதான் போயிருக்கா,” என்றாள் அம்மா.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்த நேரத்தில் மாடியில் நின்றவள் நான் ஒருத்திதான். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “அக்கா பொய் சொல்றா” என்று வாயெடுத்தேன். அதற்குள் அப்பா, கடைக்குப் போய் வெற்றிலை வாங்கிவரச் சொல்லி என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

போகும் வழியெல்லாம் அக்காவைத் திட்டிக்கொண்டே போனேன். அவள் பொய்தான் எழுதியிருக்கிறாள் என்பதை அன்று அந்த வீட்டில் நான் மட்டும்தான் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.