கைகட்டி டீச்சர்

"மேல போங்க... இன்னும் மேல... ஐயோ, தாண்டிட்டீங்க, கொஞ்சம் கீழ எறங்குங்க... அங்கதான்! இப்ப அழுத்துங்க."

சொல்லிக்கொண்டே டீச்சர் மூக்கால் திரையைக் காட்டுகிறார். விரலால் காட்டினால் என்ன என்று கேட்காதீர்கள். விரல்களெல்லாம் முதுகுக்குப் பின்னால் இருக்கின்றன. இடது மணிக்கட்டை வலது கை கெட்டியாகப் பிடித்திருக்கிறது, விட்டால் ஓடிவிடுகிற திருடனைப் பிடித்து வைத்திருப்பதுபோல. வகுப்பு ஆரம்பிக்கும்போது பின்னால் போகிற கைகள், கடைசி ஆள் படியிறங்கிய பிறகுதான் முன்னால் வரும். அதுவரை மூக்கு, மோவாய், புருவம், மிஞ்சிப்போனால் முழங்கை. கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க இவ்வளவு உறுப்புகள் தாராளம் என்பது அவர் கட்சி.

சலவைக்கடையின் மாடியில் ஒரு நீள அறை. கீழே துணி காயவைக்கும் மெஷின்கள் ஓட ஆரம்பித்தால் மேலே மேசைகள் லேசாக உதறும். திரையில் அம்புக்குறிக்குக் குளிர்காய்ச்சல் வந்துவிடும். சோப்பு வாசனை, கதகதப்பான தரை. மழைநாளில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தால் எழுந்துபோக மனசே வராது. கம்ப்யூட்டர்கள் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துக்கட்டியவை. ஒவ்வொன்றின் நெற்றியிலும் பழைய ஆட்கள் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர்கள். ஒன்றில் 'தொடாதே' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. புதிதாக யார் வந்தாலும் டீச்சர் அதன் முன்னால்தான் உட்கார வைப்பார்.

வருகிறவர்கள் எல்லாரும் வளர்ந்தவர்கள். பேரப்பிள்ளை எடுத்தவர்கள்கூட உண்டு. வீட்டில் சின்னதுகள் "உங்களுக்கு இது வராது, விடுங்க" என்று சொல்லிச் சொல்லி, மவுஸைக் கண்டாலே கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறவர்கள். டாக்சி அண்ணன் இருக்கிறாரே, முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறவர், மவுஸ் மேசை விளிம்புக்கு வந்துவிட்டால் அதைத் தூக்கி நடுவில் வைக்க மாட்டார். நாற்காலியோடு நகர்ந்து போவார். பக்கத்தில் இருக்கும் நர்ஸம்மா ஒவ்வொரு முறை அழுத்துவதற்கு முன்னாலும் பழக்கதோஷத்தில் "லேசா வலிக்கும்" என்று முணுமுணுப்பார். இவர்களை வைத்துக்கொண்டுதான் டீச்சர் எழுத்தடிப்பதில் ஆரம்பித்து, போட்டோ திருத்தி, வீடியோ வெட்டி ஒட்டுவது வரைக்கும் கொண்டுபோகிறார்.

முதல் நாள் பாடமே இடிப்பு வேலை. எதையாவது அடிக்கச் சொல்வார். மனசில் இருப்பது, திட்ட நினைத்தது, எதுவானாலும் சரி. பக்கம் நிறைந்ததும், "எல்லாத்தையும் அழிங்க" என்பார்.

"எல்லாத்தையுமா?"

"ஒரு புள்ளி மிச்சமிருக்கக் கூடாது."

அழிப்பார்கள். வெள்ளைப் பக்கம் மட்டும் மிஞ்சும்.

"பக்குன்னு இருக்கா? இருக்கட்டும். இப்ப கன்ட்ரோலை ஒரு விரலால பிடிச்சுக்கிட்டு, இசட் எழுத்தை ஒரு தட்டு தட்டுங்க."

தட்டியதும் போனதெல்லாம் திரும்பி வந்து நிற்கும். நர்ஸம்மா அன்றைக்கு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "செத்தவன் எழுந்து உக்காந்துட்டான்! என் சர்வீஸ்ல இதைப் பாத்ததே இல்லியே!"

"இனிமே இங்க எதுவும் ஒரேயடியாச் சாகாது. தைரியமாக் கெடுங்க" என்பது டீச்சரின் ஆசீர்வாதம்.

கைகட்டி டீச்சர் என்று பேர் வைத்தவர் டாக்சி அண்ணன். முதலில் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார். கைகளும் அங்கேதானே இருக்கின்றன, அவற்றின் காதில் விழுந்திருக்க வேண்டும். டீச்சரே ஒருநாள் வகுப்புக்கு முன்பே வந்து போர்டில் தன் பேருக்குப் பதிலாக அதை எழுதிவிட்டார்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது? இதற்கு முன்னால் ஒரு பெரிய கம்பெனியில் அவருக்கு வேலை. யாருக்குக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் இவரைக் கூப்பிடுவார்கள். போவார், "கொஞ்சம் தள்ளுங்க" என்பார், டக்டக்கென்று சரிசெய்துவிட்டு வருவார். அடுத்த நாள் அதே ஆள், அதே பிரச்சினை, அதே "கொஞ்சம் வாங்களேன்". எல்லாருக்கும் இவர்மேல் உயிர். ஆனால் ஒரு ஆளுக்குக்கூட எதுவும் வரவில்லை. வேலையை விட்டு வெளியே வந்தபோது 'கொஞ்சம் தள்ளுங்க' என்ற வார்த்தையையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. வீட்டில் அம்மா. போனை நீட்டினால் டீச்சர் கையைப் பின்னால் கட்டிப் பார்ப்பார். "உன்னைப் பெத்து வளத்தது எதுக்கு? பாடம் கேக்கவா? அழுத்துடி" என்பார் அம்மா. அழுத்திவிடுவார். உலகத்தில் இவர் பாடம் நடத்த முடியாத ஒரே ஆள்.

இனி ஜிப் அக்கா கதைக்கு வருவோம். அதைச் சொல்லாமல் டீச்சரைப் பற்றிச் சொல்லி முடித்துவிட முடியாது.

ஜிப் அக்கா பை, பெட்டி, ஜாக்கெட் என்று எதில் ஜிப் மாட்டிக்கொண்டாலும் சரிசெய்து கொடுப்பவர். ஒரு பழைய கட்டிடத்தின் மாடிப்படிக்குக் கீழே, ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத முக்கோணத்தில், தையல் மெஷினும் குறடும் வைத்துக்கொண்டு பிழைப்பு. கட்டிடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று மாதக் கடைசிக்குள் காலிபண்ணச் சொல்லிவிட்டார்கள். ஆற்றோரச் சந்தையில் கைத்தொழில் செய்கிறவர்களுக்குப் புதிதாகக் கடைகள் கட்டியிருந்தார்கள். கடை வேண்டுமென்றால் தன் வேலையைக் காட்டி ஒரு நிமிட வீடியோ அனுப்ப வேண்டும். கடை கிடைத்த பிறகும் மாதாமாதம் ஒன்று போட வேண்டும், சந்தைக்கு விளம்பரமாக. இந்தச் சந்தைதான் அக்காவுக்கு இருந்த ஒரே வழி. அதற்காகத்தான் வகுப்பிலேயே சேர்ந்தார்.

கடைசி நாள் ஒரு சனிக்கிழமை. மாலை ஐந்து மணிக்கு மேல் சந்தையின் இணையப் பக்கம் வீடியோவை வாங்காது. மூன்று மணி வகுப்புக்கு அக்கா வேர்த்து விறுவிறுத்து வந்தார். போனைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, எடுத்த வீடியோக்களைத் திறந்தார். ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பார்த்தார்.

"டீச்சர், நான் பேசினது ஒண்ணுகூட இல்ல டீச்சர்."

நடந்தது இதுதான். போனை ஸ்டாண்டில் மாட்டும்போதே சிவப்புப் பொத்தானில் விரல் பட்டு ரெக்கார்டிங் ஓட ஆரம்பித்துவிட்டது. அக்கா வந்து உட்கார்ந்து, ஆரம்பிப்பதாக நினைத்து அதை அழுத்தியிருக்கிறார்; நின்றுவிட்டது. வீட்டுக்காரர் எழுதிக்கொடுத்த 'வணக்கம், நான் இத்தொழிலில் நெடுங்காலமாக ஈடுபட்டு வருகிறேன்' என்பதை மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறார். முடித்துவிட்டு, நிறுத்துவதாக நினைத்து அழுத்தியிருக்கிறார், ஓட ஆரம்பித்துவிட்டது. எல்லா முறையும் இதே கதை. பேச்சு ஒன்றுகூட இல்லை. பேசி முடித்த பிறகு நடந்த அத்தனையும் இருக்கிறது. அக்கா தலையைச் சொறிவது, வீட்டுக்காரரைப் போனில் காய்ச்சி எடுப்பது, நூல் தேடுவது.

"போச்சு. அவ்வளவுதான். தலைகூட சீவல பாருங்க, பேய் மாதிரி இருக்கேன்."

"இருங்க" என்றார் டீச்சர். "அந்த நாலாவது என்ன? ஓட விடுங்க."

நாலாவதில் ஒரு ஆள் ஓடிவருகிறார். சூட்கேஸ் வாய் பிளந்து கிடக்கிறது, ஜிப் ஒரு பக்கமாகக் கழன்று தொங்குகிறது. "அக்கா, சீக்கிரம்! ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு!"

"ஃப்ளைட்டு பறக்கட்டும். உங்க பேன்ட்டு சட்டையும் கூடப் பறக்கணுமா? நில்லுங்க."

பேசிக்கொண்டே முட்டியால் பெட்டியை அமுக்கி, குறடால் ஜிப்பின் ஓட்டியை ஒரு கடி கடித்து, பல்வரிசையைக் கோத்து ஒரே இழுப்பு. சர்ரென்று மூடிக்கொள்கிறது. பெட்டியை ஒரு தட்டு தட்டி, "பெட்டிக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்குங்க. அளவாப் போடுங்க" என்று தள்ளிவிடுகிறார். அந்த ஆள் கும்பிட்டுக்கொண்டே ஓடுகிறார்.

அறை மொத்தமும் சிரித்தது. நர்ஸம்மா, "என்னா வேகம்! நல்ல சர்ஜன் தோத்தான்" என்றார்.

"இதைவிட என்ன வீடியோ வேணும்?" என்றார் டீச்சர். "முன்னாடி வெட்டுங்க, பின்னாடி வெட்டுங்க, நடுவுல இருக்கறதை அனுப்புங்க."

அக்கா மவுஸைத் தள்ளிவிட்டு நாற்காலியைப் பின்னால் இழுத்தார். "நீங்களே பண்ணிக் குடுத்துடுங்க டீச்சர். என் பொழப்பு இது. வெளாட்டு இல்ல."

டாக்சி அண்ணனும் சேர்ந்துகொண்டார். "ஆமா டீச்சர். இன்னைக்கு ஒரு நாள் கையை அவுத்து விடுங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்."

டீச்சரால் அதை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட முடியும். அதுதான் கொடுமை. எங்கே வெட்ட வேண்டும், எதை அழுத்த வேண்டும் என்று விரல் நுனிகளுக்கு மனப்பாடம். பின்னால் அவை ஒன்றை ஒன்று பிசைந்துகொண்டிருந்தன.

"பண்றேன்கா" என்றார். "அடுத்த மாசம் இன்னொண்ணு போடணுமே, அப்ப? அதுக்கடுத்த மாசம்?"

அக்காவின் கோபம் முகத்தில் அப்படியே தெரிந்தது. ஆனால் நாற்காலி முன்னால் வந்தது.

வெட்டும் வேலை ஆரம்பித்தது. சலவைக்கடைக்காரரும் அன்று பார்த்து எல்லா மெஷினையும் ஓடவிட்டிருந்தார். அம்புக்குறி நடுங்க, கோடு வேண்டிய இடத்தைத் தாண்டித் தாண்டிப் போனது. "இன்னும் இந்தப் பக்கம்... மூச்சு விடுங்க... விட்டுட்டு அழுத்துங்க." முன்பக்கம் வெட்டியாயிற்று. பின்பக்கமும் வெட்டியாயிற்று. இனி வேண்டாத இரண்டு துண்டுகளை அழித்தால் முடிந்தது.

அக்கா அழித்தார். நடுத்துண்டை.

சூட்கேஸும் இல்லை, ஃப்ளைட் ஆளும் இல்லை. தலை சொறிவதும் வீட்டுக்காரருக்கு விழுந்த திட்டும் மட்டும் பத்திரமாக இருந்தன.

"ஐயையோ!" என்று நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டார். டாக்சி அண்ணன் நாற்காலியோடு பாய்ந்து வந்தார். "டீச்சர், கையை முன்னால எடுங்க! மணி நாலே முக்கால் டீச்சர்!"

டீச்சர் வாயைத் திறக்கவில்லை. இந்த முறை மூக்குகூட அசையவில்லை. அக்காவின் பிடரியையே பார்த்துக்கொண்டு நின்றார். வெற்றுத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்த அந்தப் பிடரி ஒருமுறை அழப்போவதுபோலக் குலுங்கியது. தோள்பட்டைகள் காதுவரை ஏறின. கீழே ஒரு மெஷின் சுற்றி முடித்து நின்றது. மேசை உதறல் அடங்கியது.

அக்காவின் இடது கை மெதுவாக விசைப்பலகைக்குப் போனது. ஒரு விரல் கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டது. இன்னொரு விரல் தேடியது, தடவியது, கண்டுபிடித்தது.

"சாகாதுன்னு சொன்னாங்கல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இசட்டைத் தட்டினார்.

ஃப்ளைட் ஆள் சூட்கேஸோடு திரும்பி வந்தார்.

அதற்குப் பிறகு அக்காவைப் பிடிக்க முடியவில்லை. வேண்டாத துண்டு இரண்டையும் தூக்கிப்போட்டார். சேமித்தார். சந்தையின் பக்கத்தைத் திறந்தார். திரை நடுவில் முளைத்த கேள்விப் பெட்டிக்கு எல்லாரும் 'ஓகே குடுங்க, ஓகே குடுங்க' என்று கத்த, "இருங்கய்யா, என்ன எழுதியிருக்குன்னு வாசிக்க வேணாமா?" என்று அதட்டிவிட்டு, எழுத்துக்கூட்டி முழுசாக வாசித்தார். பிறகுதான் அழுத்தினார். பச்சைக்கோடு ஊர்ந்து ஊர்ந்து, நடுவில் கொஞ்சம் இளைப்பாறி, கடைசியில் போய்ச் சேர்ந்தது. 'வந்து சேர்ந்தது, நன்றி' என்று திரை சொன்னது. கடை கிடைக்குமா என்று அடுத்த வாரம்தான் தெரியும். அறையில் யாரும் அதற்காகக் காத்திருக்கவில்லை. டாக்சி அண்ணன் மேசையைத் தட்டித் தாளம் போட்டார். நர்ஸம்மா அக்காவின் கையைப் பிடித்தார். பழக்கத்தில் நாடியும் பார்த்துவிட்டு, "குதிரை மாதிரி ஓடுது" என்றார்.

எல்லாரும் கை தட்டினார்கள். டீச்சரும் தட்டினார். வகுப்பு நடுவில் அந்தக் கைகள் முன்னால் வந்தது அன்றைக்குத்தான்.

அக்கா எழுந்து வந்து அந்தக் கைகளைப் பிடிக்கப் போனவர், பாதியில் நின்றுவிட்டார். இடது மணிக்கட்டில் வரிசையாக நகம் பதிந்த தடம். பிறை பிறையாக, சிவந்து, ஒன்றில் ரத்தம்கூடத் துளிர்த்திருந்தது.

"என்ன டீச்சர் இது?"

டீச்சர் குனிந்து பார்த்தார். அவரும் அப்போதுதான் பார்க்கிறார் போலிருந்தது.

"கொசு" என்றார். சட்டைக்கையை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் மறுபடி முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.