இன்போர்மா, இன்வைட்டா?

போன கிழமை என் சொந்த அக்காவே எனக்கு ஆங்கிலப் பாடம் எடுத்துவிட்டார். இருபது வருடமாக ஆங்கிலம் படிப்பிப்பவன் நான்!

ஸ்கந்தபுரத்தில் ஒருவழியாக வீடு கட்டி முடித்து, குடிபூரலுக்கு நாளும் வைத்துவிட்டோம். அழைப்பிதழ்க் காட்டைப் படம் பிடித்து எல்லோருக்கும் வட்ஸ்அப்பில் தட்டிவிட்டேன். கும்பிடும் கைகளும் பூங்கொத்துகளும் வந்து குவிந்தன. தூரத்தில், தண்ணீரூற்று என்ற ஊரில் இருக்கும் அக்காவிடமிருந்து மட்டும் ஒன்றுமில்லை. புளூ டிக் விழுந்திருந்தது...

மனைவிக்குப் பதற்றம். "மச்சாள் வராட்டி ஆர் பால் காய்ச்சுறது? அவா இல்லாமல் நான் அடுப்பு மூட்டமாட்டன், சொல்லிப்போட்டன்."

அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பவர் அக்கா ஒருவர்தான். போன் எடுத்தேன்.

"அக்கா, காட் கிடைச்சதோ?"

"ஓம் ஓம். குடிபூரல் எண்டு அறிஞ்சன். சந்தோசம்."

"வருவியள்தானே?"

"ஆர் கூப்பிட்டது?"

போன் கட்!

இன்போர்ம் என்றால் அறிவிப்பது, இன்வைட் என்றால் அழைப்பது — கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன்! எது எங்கே செல்லும் என்று எழுதினேனா? செத்தவீட்டுக்கு இன்போர்ம் போதும். செய்தி கேட்டால் கதை பேச்சு இல்லாதவனும் ஓடி வருவான். நல்ல காரியம் அப்படியா? படலை திறந்து போய், தேத்தண்ணி குடித்து, வாயால் "வாங்கோ" என்று சொல்லவேண்டும். நானோ செத்தவீட்டு முறையில் குடிபூரல் சொல்லியிருக்கிறேன்!

மறுநாள் விடியவே இருவரும் மோட்டார் சைக்கிளில் வெளிக்கிட்டோம். போய் இறங்கியபோது என் இடுப்பு என்னிடம் இல்லை.

அக்கா சிரிக்கவில்லை. கதிரையைக் காட்டினார். நான் அதில் உட்காராமல், இரண்டு கையாலும் காட்டை நீட்டினேன்.

"அக்கா, நீங்கள் வந்துதான் பால் காய்ச்சவேணும்."

குசினிக்குள் போனவர் ஒரு புதுப் பானையோடு வந்தார்.

"இது வாங்கிப் பத்து நாளாச்சு. நீ வந்து கூப்பிடாமல் நான் எப்பிடியடா தூக்கிக்கொண்டு வாறது?"

அக்காவின் குரல் உடைந்தது. நானும் அழுதுவிட்டேன். பார்த்துக்கொண்டிருந்த மனைவிதான் தேத்தண்ணி போட்டாள்.

இன்போர்ம் பண்ண டேட்டா போதும். இன்வைட் பண்ணப் பெற்றோல் வேண்டும்!