திரைக்குப் பின்னால் ஒரு தோணி எஞ்சின்

தூண்டில் முள்ளும் நூலும் கயிறும் விற்கிற கடையில் மீனைப் பிடிப்பது சுலபம், வாங்க வருகிறவரைப் பிடிப்பதுதான் கடினம், மீன் ஒருநாளும் வாசலில் நின்று "ஆம்பிள ஆரும் இல்லையா?" என்று கேட்காது. கடை வைத்துச் சீரழிந்தவர்கள் எல்லோரும் இதை ஒத்துக்கொள்வீர்கள்.

எங்கள் கடை கல்முனையில், என் சீதன வீட்டின் முன்னறையில் இருக்கிறது. கடற்கரை கூப்பிடுதூரம். என் வீட்டுக்காரர் ஹஜ்ஜுக்குக் கப்பலேறுவதற்கு முன், கொழும்பிலிருந்து ஒரு எஞ்சின் வாங்கிவந்து வைத்தார். தோணியின் பின்புறத்தில் மாட்டி ஓட்டுவது. துடுப்பையும் பாயையும் தவிர வேறெதையும் நம்பாத கரை எங்களுடையது. "இத வித்திடு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. "தூசி பிடிக்காமப் பாத்துக்க புள்ள" என்றார். அப்போதே முடிவு கட்டினேன், அவர் வருமுன் அதை விற்பதென்று.

அவருடைய தம்பி றசீது வேறு முடிவு கட்டியிருந்தான். நானா, அதாவது அவனுடைய அண்ணன், திரும்புவதற்குள் எஞ்சின் விலைபோகாவிட்டால் அதைக் கொழும்புக்கே திருப்பி அனுப்பி, கடையை மூடி, அறையில் தன் நெல் மூட்டைகளை அடுக்குவதாம். கடையில் விற்பனைக்கு ஆதம்பாவா காக்கா இருந்தார், மூத்த ஆண்களை இங்கே காக்கா என்றுதான் கூப்பிடுவது. பாதி ஆயுளைக் கடலில் கழித்த மனுசன், ஆனால் இங்கிலீசு எழுத்துத் தெரியாது. நான் கதவுத் திரைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஊர் வாய்க்குப் பயப்படாத வாப்பா என்னை மட்டக்களப்பில் கன்னியாஸ்திரிமாரிடம் படிக்க வைத்தது, முப்பது வருசம் கழித்து எஞ்சின் புத்தகம் வாசிக்க உதவியது.

இலக்கம் கூடினால்

முதல் கிழமையே றசீது கடையில் வந்து குந்திக்கொண்டான். சுறாவுக்குப் பெரிய முள் முடிந்துபோயிருந்தது, கொழும்புக்கு எழுதவேண்டும். தம்பி விலைப்பட்டியலைப் புரட்டி, இருந்ததிலேயே பெரிய இலக்கத்தைத் தேடி எழுதினான். தூண்டில் முள்ளில் இலக்கம் கூடக் கூட முள் சிறுத்துக்கொண்டு போகும். ஆதம்பாவா காக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லித் திரைக்குள்ளிருந்து இரண்டு தரம் சொன்னேன். "மதினி, இது குசினி இல்ல, நீங்க அடுப்பப் பாருங்க" என்றான்.

பார்சல் வந்தது. பிரித்தால், எறும்புக்குக் கொக்கி செய்தது போல ஆயிரம் முள். மருதமுனையிலிருந்து வந்த சுறாக்காரர் அலியார் ஒன்றை உள்ளங்கையில் வைத்து, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்தார். "தம்பி, இதச் சுறாவுக்குக் காட்டினா, அது பல்லுக்குத்தத்தான் எடுக்கும்."

துரையின் கோல்

உள்நாட்டில் அணை கட்டும் வேலைக்கு வந்திருந்த ஒரு இஞ்சினியர் துரை, களப்பில், அதுதான் கடலோர உப்பேரியில், கொடுவா மீன் பிடிக்கிற ஆசையோடு ஜீப்பில் வந்திறங்கினார். கையில் மூன்று துண்டாகப் பூட்டுகிற தூண்டில் கோல். நுனி மயிலிறகு மாதிரி ஆடுகிறது. இன்னும் மெல்லிய நூல் இருக்கிறதா என்று கேட்கிறார். ஆதம்பாவா காக்கா தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு நிற்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை.

திரைக்குள்ளிருந்து இங்கிலீசில் சொன்னேன்: இந்தக் கோல் உங்கள் ஊர்க் குளிராற்று மீனுக்குச் சரி. கொடுவா கண்டல் வேருக்குள் பதுங்கிக் கிடக்கும், இரையைக் கவ்வியதும் வேருக்குள்ளேயே இழுத்துக்கொண்டு ஓடும். அதைத் தடுத்து நிறுத்தக் கட்டையான, நுனி தடித்த கோல் வேண்டும். அதன் செவுள் மூடி கத்தி போல வெட்டும், ஆகையால் முள்ளுக்கு மேலே ஒரு சாண் கம்பி கட்டவேண்டும். எனக்கு வாய்த்த சிஸ்டர்மார் அயர்லாந்துக்காரர்கள், அவர்களுடைய உச்சரிப்புத்தான் எனக்கும். துரை சட்டென்று தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். தடித்த கோலையும் கம்பியையும் வாங்கினார். போகுமுன் திரையைப் பார்த்துக் கேட்டார்: "மன்னிக்கவேண்டும் மதர், நீங்கள் எந்த மடத்தைச் சேர்ந்தவர்?"

மீன் பார்க்கும் பெட்டி

வெள்ளைக்காரன் வாங்கியது கணக்கில் சேராது என்று றசீது தீர்ப்புச் சொன்னான். சரி, எங்கள் ஆட்களுக்கே ஆசை காட்டுவோம் என்று எஞ்சினோடு வந்த படப் புத்தகத்தை வாசித்துக் காட்டினேன். அதில் ஒரு பெட்டி. கடலடிக்குச் சத்தத்தை அனுப்பி, திரும்பி வருகிற எதிரொலியைக் கொண்டு மீன் எங்கே நிற்கிறது என்று கடதாசியில் கீறிக் காட்டுமாம். கயிறு வாங்க வந்த பெரியநீலாவணை வேலாயுதம் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், "அக்கா, துடுப்பத் தண்ணிக்குள்ள விட்டு மற்றத் தலைப்பில காத வெச்சா எங்களுக்கும் கேக்கும். அதக் கடதாசியில கீறி என்னத்துக்கு, சட்டம் போட்டுச் சுவரில மாட்டவா?"

இப்படிக் கதைத்தவரையும் றேடியோ ஆசை விடவில்லை. காற்று மழைச் செய்தி கேட்கலாம் என்று, றங்குப்பெட்டி அளவில் பற்றரி றேடியோ ஒன்றை எங்கள் மூலம் எடுப்பித்து, மெழுகுசீலையில் சுற்றித் தோணியில் ஏற்றினார். உப்புக்காற்றுக்கு ஆகாது என்று நான் சொன்னது காற்றோடு போனது. பத்தாம் நாள் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே தண்ணீர் தளும்புகிற சத்தம். "மழை வரும் எண்டு இது சொல்லக்குள்ள நாங்க நனைஞ்சு முடிஞ்சம் அக்கா."

பீப்பாய்க்குள் ஓட்டம்

எஞ்சின் ஓடுமா என்றே ஒருவருக்கும் நம்பிக்கையில்லை. ஓட்டிக் காட்டுவதென்று முடிவெடுத்தேன். வீட்டு வளவில் பெரிய பீப்பாயை வைத்துக் கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, ஓரத்தில் பலகை கட்டி, எஞ்சினை மாட்டினோம். வேலிக்கு வெளியே ஆண்கள், குசினிக்குள் பெண்கள். ஆதம்பாவா காக்கா கயிற்றை இழுத்தார். ஒருதரம், ஐந்துதரம், பத்துத்தரம். வெளியே சிரிக்கத் தொடங்கினார்கள். எண்ணெய்த் தொட்டி மூடியில் காற்றுப் போகிற சிறு திருகாணி ஒன்று இருக்கிறது, அதைத் திறக்கவேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. உள்ளேயிருந்து மூன்று தரம் கத்தினேன். அவருக்கு அது எங்கேயென்று தெரியவில்லை. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்து நானே திறந்தேன்.

அடுத்த இழுவைக்குப் பிடித்துக்கொண்டது. என்ன சத்தம்! பீப்பாய்த் தண்ணீர் முழுவதும் வேலிக்கு மேலால் எழும்பி, வேடிக்கை பார்த்தவர்களைக் குளிப்பாட்டி, பக்கத்து வீட்டுச் சுலைகா பாயில் காயப்போட்ட இடியப்ப மாவைக் கூழாக்கியது. நிறுத்தினேன். கல்முனைக்குடி உதுமாலெவ்வை காக்கா, தோணிக்காரர், தாடியைப் பிழிந்துகொண்டே கேட்டார். "தங்கச்சி, பீப்பாத் தண்ணி ரெண்டு நிமிசத்தில முடிஞ்சிட்டு. கடல் எத்தின நாளைக்குத் தாங்கும்?"

படலைக்கு வந்த தோணி

பகிடி விட்டவர்தான் மறுநாள் வாங்க வந்தார். உங்கள் தோணியின் பின்பக்கம் எப்படி என்று கேட்டேன். "தோணி, தோணி மாதிரித்தான் இரிக்கி." பார்க்காமல் தரமாட்டேன் என்றேன். கரைவலை இழுக்கிற கோவணக் கூட்டத்துக்குள் நான் போய்ப் பார்க்க ஏலாது. திருகாணி திறந்ததற்கே ஊர் இன்னும் கதைத்து முடியவில்லை. அவர் எழும்பிப் போனார்.

பின்னேரம் அசர் தொழுகை முடிந்த கையோடு தெருவில் சத்தம். பதினொரு பேர் தோணியைத் தோளில் சுமந்துகொண்டு வருகிறார்கள், பள்ளிவாசலால் வந்தவர்கள் பின்னால். என் வாசல் படலையில் இறக்கினார்கள். இரண்டு தலைப்பும் மாவிலை மாதிரிக் கூர். எஞ்சின் உட்காரத் தட்டையான பலகை வேண்டும், இதில் எங்கே மாட்டுவது?

"பின்பக்கத்த அறுத்துப் போட்டாச் சரிதானே?"

"உங்கட வீட்டுக் கடல் பக்கத்துச் சுவர இடிச்சுப்போட்டு மாரி முழுக்க உள்ள இருந்து பாருங்க காக்கா, சரியா இல்லையா எண்டு விளங்கும்."

முதலில் தோணி, பிறகுதான் எஞ்சின் என்று சொன்னேன். பின்பக்கம் தட்டை, அடி அகலம், எஞ்சின் தொங்குகிற பலகை மூன்று விரல் தடிப்பு. தோணி செய்கிற ஓடாவியாருக்குக் காட்டட்டும் என்று கடதாசியில் கீறியும் கொடுத்தேன். புதுத் தோணி முடியும்வரை எஞ்சினை வேறு ஆருக்கும் விற்கமாட்டேன் என்றேன். பதினொரு பேரும் தோணியைத் திரும்பத் தூக்கினார்கள். பார்த்துக்கொண்டு நின்ற றசீது தலையில் கைவைத்தான். "வாங்க வந்தவன மரத்தோடயும் மட்டையோடயும் திருப்பி அனுப்புற கடைய நான் இண்டைக்குத்தான் காணுறன் மதினி!"

பாரமில்லை

ஹாஜிமார் கப்பல் திரும்புகிற செய்தி வந்தது. ஓடாவியார் வீட்டில் தோணி இன்னும் விலா எலும்போடு நின்றது. றசீது எஞ்சினை ஏற்ற லொறி பேசிவிட்டான் என்று ஆதம்பாவா காக்கா வந்து சொன்னார். அன்று பகலே நானும் சுலைகாவும் அவளுடைய மகளும் எஞ்சினைச் சாக்கில் வைத்து இழுத்து, உள்ளறையில் என் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டோம்.

லொறி வந்தது. "எஞ்சின் எங்க மதினி?"

"என்ட கட்டிலுக்குக் கீழ."

"வெளிய எடுங்க."

"பாரம், எனக்கு ஏலா."

"அப்ப இவங்க உள்ள வந்து..."

"வரட்டும். பள்ளிவாசலப் பாக்கிற மரைக்காரையும் கூட்டிக்கொண்டு வா தம்பி. என்ட சீதன வீட்டில, என்ட படுக்கையறைக்குள்ள, அன்னிய ஆம்பிளைகள விட்டது ஆரெண்டு அவருக்கும் தெரியத்தானே வேணும்."

றசீதுக்கு முகம் கறுத்துச் சிறுத்தது. லொறிக்காரர்களுக்கு நான் தேத்தண்ணி ஊற்றி அனுப்பினேன். மூத்தவர் கோப்பையை வைத்துவிட்டு அவனிடம் சொன்னது இது. "தம்பி, நாங்க பாரம் தூக்குற ஆக்கள். இது பாரமில்ல, வழக்கு."

கப்பல் வந்தபோது

ஒன்பது நாள் கழித்து உதுமாலெவ்வை காக்கா புதுத் தோணியைக் கரையிலிறக்கி, எஞ்சினுக்கு ஆளனுப்பினார். அன்றைக்கும் நான் கடற்கரைக்குப் போகவில்லை. வளவுக்குள் கேட்டுக்கொண்டு நின்றேன். முதலில் சத்தம், பிறகு அலையில் ஏறுகிறபோது ஒரு திணறல். பிறகு அலையைத் தாண்டி ஒரே சீராகத் தெற்கே போனது. மாலையில் பாய்த் தோணிகள் கரைக்கு வருமுன் அவர் வந்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் பேரீச்சம்பழமும் ஸம்ஸம் தண்ணீருமாக வந்திறங்கினார். றசீது ஒரு மணித்தியாலம் முறையிட்டான். நான் ஐந்து நிமிசத்தில் முடித்தேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு எழும்பிப் போய், கடையில் எஞ்சின் இருந்த மூலையைப் பார்த்தார். பிறகு என்னிடம்தான் கேட்டார். "ரெண்டு எஞ்சினுக்கு எழுதுவமா புள்ள?"

மூன்றுக்கு எழுதினேன். தோணிக்கு வடிவம் சொல்ல ஒரு பின்னேரமும் எஞ்சினை ஓடவைக்க ஒரு புத்தகமும் போதும், இரண்டையும் செய்தது ஒரு பொம்பிள என்று ஒத்துக்கொள்ளத்தான் இந்தக் கரைக்கு மக்கா வரை போய்வருகிற நேரம் பிடித்தது.