யோபுவின் நண்பர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்

கவரைப்பேட்டையில் எங்கள் சபைக்குத் தகரக் கூரை. புதன்கிழமை சாயங்காலம் அங்கே வேதபாடம் நடக்கும். சிப்காட்டில் ஷிப்ட் முடித்தவர்கள் யூனிபார்மோடே வந்து பாயில் உட்கார்ந்துவிடுவார்கள். ஆளுக்கொரு வசனம் வாசிக்க வேண்டும், பிறகு பாஸ்டர் விளக்கம் சொல்வார். என் புருஷன் அந்தச் சபையிலேயே பிறந்து வளர்ந்தவர். நான் வெளியிலிருந்து வந்தவள். நெல் வயலும் அம்மன் கோயில் திருவிழாவும் உள்ள வீட்டுப் பெண். அவரைக் கட்டிக்கொண்ட அன்றே என் அப்பா வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. எனக்கு மிச்சம் இருந்தது அந்த மனுஷர் ஒருவர்தான். ஞானஸ்நானம் எடுத்தேன், பொட்டையும் பூவையும் விட்டேன், கம்மலைக் கழற்றி வைத்தேன். பைபிளையும் விழுந்து விழுந்து படித்தேன். புதிதாக வந்தவளுக்கு அந்த வீம்பு இருக்கும்.

அந்த மழைக்காலம் முழுக்க யோபுவின் கதைதான் பாடம். உத்தமன் ஒருவன் பிள்ளைகள், சொத்து, உடம்பு எல்லாம் போய்ச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிறான். ஆறுதல் சொல்ல வந்த மூன்று நண்பர்கள், நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய், ஒத்துக்கொள் என்று அவனை அரிக்கிறார்கள். கடைசியில் கடவுளுக்குக் கோபம் வருவது அந்த நண்பர்கள் மேல்தான். பாஸ்டர் அருமையாகவே விளக்கினார், பொய் சொல்லக் கூடாது. "நொந்து போனவங்கிட்ட போயி நோண்டினுகீறது ஊழியம் இல்ல" என்றார். எல்லாரும் ஆமென் சொன்னோம்.

அந்தப் பாடம் முடிந்து கொஞ்ச நாளில், கம்பெனியில் பிரஸ் மெஷின் என் புருஷனின் வலது கையில் மூன்று விரலை எடுத்துவிட்டது. சபையில் டோலக் அடிப்பவர் அவர்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடியே இருப்பார்.

பாஸ்டரும் சபை மூப்பர்கள் இரண்டு பேரும் பார்க்க வந்தார்கள். எண்ணிக்கைகூடத் தப்பவில்லை. யோபுவின் நண்பர்களாவது ஏழு நாள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். இவர்களுக்கு டீ ஆறும்வரைகூடப் பொறுக்கவில்லை.

"பிரதர், ஆண்டவரு உங்ககூட ஏதோ பேசறாரு. எங்கியோ ஒரு தடை கீது. ஆராஞ்சு பாருங்க" என்றார் பாஸ்டர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னா தடை ஐயா? உற்பத்தி கொறையுதுன்னு மெஷின்ல இருந்த சென்சாரைக் கழட்டி வச்சுட்டு ஓட்டச் சொன்னாங்க. கை உள்ள இருந்தா மெஷின் நிக்கணும், நிக்கல. இதுல இவரு இன்னா பாவம் பண்ணாரு? போன மாசம் நீங்கதான யோபு நடத்துனீங்க?"

பாஸ்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"சிஸ்டர், மாம்சத்துல, கோவத்துல பேசாதீங்க. யோபு உத்தமன். நாம அப்பிடியா?"

ஊரில் ஒருத்தரும் உத்தமர் இல்லை என்றால் அந்தப் புத்தகம் யாருக்கு? அதைக் கேட்க வாயெடுத்தேன். என் புருஷன்தான் கையைத் தூக்கி என்னை அடக்கினார், கட்டுப்போட்ட அந்தக் கையால்.

அன்றிலிருந்து அவர் தேட ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் சொன்ன பொய், எப்போதோ குடித்த பீர், அண்ணனோடு போட்ட சண்டை என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "இது இல்லம்மே, இன்னும் பெருசா ஏதோ கீது" என்பார். நான் சென்சாரைப் பற்றிப் பேசினால் எழுந்து போய்விடுவார். மெஷின்மேல் குற்றம் சொன்னால் மனசு ஆறவில்லை போலிருக்கிறது. தன்மேல் சொல்லிக்கொண்டால்தான், திருந்தினால் எல்லாம் சரியாகும் என்று ஒரு நம்பிக்கை வருகிறது. கொஞ்ச நாளில் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதையும் நிறுத்தினார். வலி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், ஆண்டவர் செய்ததை எழுந்து சாட்சி சொல்லும் நேரத்தில் அவர் எழுந்து நின்றார். முகம் தெளிவாக இருந்தது. அப்படி ஒரு தெளிவை விபத்துக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"தடை இன்னான்னு ஆண்டவரு காட்டிட்டாரு" என்றார். "விசுவாசத்துல இல்லாத பொண்ண, என் இஷ்டத்துக்குக் கட்டிக்கினேன். சபை பேச்சக் கேக்கல. அதுக்குத்தான் இந்த அடி. மன்னிப்புக் கேக்கறேன்."

தகரக் கூரை அதிரக் கை தட்டினார்கள். பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் உயர்த்தினார். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று எல்லாப் பக்கமும் சத்தம். பெண்கள் பக்கத்தில் முக்காடு போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவள், பாவம், நல்லவள், என் தொடையில் லேசாகத் தட்டினாள்.

"உங்க ஊட்டுக்காரருக்கு விடுதலை கெடச்சுடுச்சு. ஸ்தோத்திரம் சொல்லுங்க சிஸ்டர்" என்றாள்.