சோற்றுப்பானைக்கு அடியில் வைத்த கடிதம்

அந்த ஆண்டு சிட்னியின் பென்டில் ஹில்லில் என்னை விஞ்சிய மடையன் இருந்திருக்க முடியாது. ஓவசியர் அண்ணைக்கு வந்த கடிதத்தைப் பிரித்து மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, போன் விற்கிறவர்களின் விளம்பரம் என்று தீர்ப்புச் சொல்லி, குசினியில் சூடான சோற்றுப்பானைக்கு அடியில் வைத்தவன் நான். தாளில் பழுப்பு வட்டம் விழுந்தது. அது விளம்பரமல்ல. அவர் வாங்காத போன் இணைப்பு ஒன்று அவர் பெயரில் இருக்கிறது என்ற அறிவித்தல்.

அண்ணை ஊரில் வீதி வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்து, படகில் அகதியாக வந்து, என்னோடு ஒரே வீட்டில் தங்கியிருந்தவர். அவருடைய ஆங்கிலமெல்லாம் நான்தான். போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் வளர்ந்த எங்களுக்கு ஒரு தாள் கேட்டால் பத்துத் தாள் நீட்டுகிற பழக்கம். செவன் ஹில்ஸில் வேலை எடுத்துத் தருவதாகப் போனில் கதைத்த ஒருவன் லைசென்ஸ் மட்டுமே கேட்டான். “கூடக் குடுத்தால்தான் நம்புவாங்கள், தம்பி” என்றார் அண்ணை. பிறப்புச் சான்றிதழ், வீசாக் கடிதம், கையெழுத்து எல்லாவற்றையும் ஸ்கான் செய்து அனுப்பினேன். ஆளையே முழுதாக அனுப்பிவிட்டேன் என்று பகிடியும் விட்டேன். உண்மையில் அதைத்தான் செய்திருந்தேன். அதன்பின் அவனுடைய போன் வேலை செய்யவில்லை.

பிறகுதான் நான் பானைக்கு அடியில் வைத்த கடிதம் வந்தது. அதற்கு மூன்று மாதம் கழித்துப் பொலிஸ் கடிதம் வந்தது. அண்ணையின் பெயரில் வாடகைக்கு எடுத்த கார் ஒருவரை இடித்துவிட்டு நிற்காமல் போயிருந்தது. அவருடைய வீசா முடிவு அப்போது இன்னும் வந்திருக்கவில்லை. மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் அந்த முடிவை நம்பித்தான் ஊரில் இருந்தார்கள். வெஸ்ட்மீட் பக்கம் இலவசச் சட்ட உதவி தரும் இடமொன்றைத் தேடிப் பிடித்தேன். “இன்றே பொலிசில் முறையிட்டு, முறைப்பாட்டு இலக்கம் வாங்கி, லைசென்ஸை மாற்றுங்கள். வீசாவுக்கு இதனால் கெடுதல் வராது” என்றார் அங்கிருந்த பெண். முதல் கடிதத்தோடேயே வந்திருந்தால் அவன் அந்தக் காரையே எடுத்திருக்க முடியாது என்றும் சொன்னார். நான் கூரையைப் பார்த்தேன்.

பொலிஸ் நிலைய வாசல்வரை வந்த அண்ணை, திரும்பிப் போய் பஸ் தரிப்பில் உட்கார்ந்தார். ஊரில் தானாக அந்த வாசலுக்குள் போனவர் யார்? மடியில் பிறப்புச் சான்றிதழும் மற்றத் தாள்களும் வைத்த பைல்.

“நான்தான் நான் எண்டு எதைக் காட்டுறது, தம்பி? எல்லாம் அவனிட்டையும் இருக்கே.”

வந்த பஸ்ஸுக்கு நான் கையைக் காட்டினேன்.

அந்தக் கிழமையே, யாருக்கும் சொல்லாமல் அவர் மெல்பேர்னுக்குப் போய்விட்டார். முறைப்பாடு எழுதப்படவேயில்லை. வீசா என்னவாயிற்று, பிள்ளைகள் வந்தார்களா, தெரியாது. இப்போது நான் கடைச் சிட்டையைக்கூடக் கிழித்துத்தான் போடுகிறேன். வட்டம் விழுந்த அந்தக் கடிதத்தை மட்டும் கிழிக்க முடியவில்லை.

போன மாதம் யாரோ தந்த இலக்கத்துக்கு, அந்தக் கடிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு போன் எடுத்தேன். ஹலோ என்றது அவருடைய குரலேதான். நான் யாரென்று சொல்லி, மன்னிக்கச் சொல்லி, ஓவசியர் அண்ணைதானே என்று கேட்டேன்.

“நீங்கள் தேடுற ஆள் நான் இல்லை, தம்பி.”